பதினேழாம் பக்கத்துச் செடி

மழை விட்ட உடனே செடி பறிக்கக் கூடாது. இலை மேல் ஈரம் நின்றால், தாள்களுக்கு நடுவில் அமுக்கி வைத்த மூன்றாம் நாளே பூஞ்சை பூத்துவிடும். வெயில் ஏறி, இலை தானாக உலரும் வரை காத்திருக்க வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டுத் தலையாட்டுவார்கள், பிறகு ஈரத்தோடுதான் கொண்டுவருவார்கள். நீங்கள் இதையும் எழுதிக்கொள்கிறீர்கள். நல்லது.

முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். உள்ளே வந்ததும் என் நாற்காலியை வெயிலிலிருந்து நகர்த்திப் போட்டீர்கள். "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டீர்கள். தம்பி போன இந்த இரண்டு மாதத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள். உங்களுக்கு முன்னால் வந்த அதிகாரி மேசையைத் தட்டினார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சின்னச் சின்னக் கருணைகளால்தான் உலகம் உடையாமல் நிற்கிறது என்று நம்புகிறவள் நான். அதனால் உங்களிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியின் பின்கட்டில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது எங்கள் செடித்தாள் அறை. காய்ந்த செடியைக் கெட்டித் தாளில் ஒட்டி, தடித்த காம்பை நூலால் தைத்து, வலது கீழ் மூலையில் பெயர்ச்சீட்டு ஒட்டி, இரும்பு அலமாரியில் அடுக்குவது என் வேலை. செடியின் பெயர், பறித்த இடம், தேதி, பறித்தவர் யார் என்பதெல்லாம் சீட்டில் இருக்கும். வெளியே ஒரு செடியைப் பார்த்துவிட்டு இதுவா அதுவா என்று இரண்டு பேர் சண்டை போட்டால், எங்கள் அறைக்கு வந்து தாளைப் பார்ப்பார்கள். தாள் சொன்னால் சொன்னதுதான்.

அந்த அறையில் ஒரு பழக்கம் உண்டு. பழைய சீட்டில் பெயர் தவறு என்று தெரியவந்தால் அதைக் கிழிக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. பக்கத்தில் ஒரு சிறு சீட்டை ஒட்டி, சரியான பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தவறும் திருத்தமும் ஒரே தாளில் அக்கம்பக்கமாக இருக்கும். ஒரு தாளில் ஐந்து சீட்டுகள் இருக்கின்றன. "அஞ்சு மேதாவிங்க சேர்ந்து ஒரு புல்லுக்குப் பேர் வைக்க முடியல, அக்கா" என்று தம்பி சிரிப்பான். பெரிய பெரிய பேராசிரியர்களின் தவறுகளை நான் தூசி தட்டி அடுக்கியிருக்கிறேன். அதற்காக அவர்களை யாரும் குறைவாக நினைத்ததில்லை.

தம்பி என்னைவிடப் பதினொரு வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்கு நான்கு வயது. அவனை வளர்ப்பதுதான் என் வேலை என்று யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவனும் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம் ஒருவரை ஒருவர் காரணம் சொன்னோம்.

அதே கல்லூரியில் அவன் தாவரவியல் சொல்லிக்கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காரர்களை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போய், எந்தக் காட்டுச் செடி சமைக்கலாம், எது ஆகாது என்று காட்டுவான். எல்லோரும் அவனைக் 'கீரை வாத்தியார்' என்பார்கள். அவனுக்கு ஒரு சட்டம் இருந்தது. "வேர் இல்லாம பேர் இல்ல." இலையை மட்டும் கிள்ளி வந்து பெயர் கேட்டால் சொல்ல மாட்டான். "ஒரு ஆளோட சட்டையை மட்டும் கொண்டுவந்து, இவர் நல்லவரா கெட்டவரான்னு கேக்கிறீங்களே, நியாயமா?" என்பான்.

ஒருமுறை கூட்டத்திலிருந்து தையற்காரர், "நான் சட்டையை வச்சே சொல்லிடுவேன் வாத்தியாரே. எந்த இடத்துல நைஞ்சிருக்குன்னு பார்த்தாப் போதும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பிதான் அதிகமாகச் சிரித்தான். நீங்கள் கேட்ட அந்தத் தையற்காரரைத்தான் சொல்கிறேன். ஆமாம், அவர்தான்.

ஆறு வருடங்களுக்கு முன்பு அப்படி ஒரு நடையில், அவன் கைகாட்டிய செடியை எட்டிப் பறிக்கப் போன மாணவி பாறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனாள். தம்பி அதற்குப் பிறகு எட்டு மாதம் பேசவில்லை. கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனால் வாயைத் திறப்பான், அவ்வளவுதான். ஒரு காலை மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். நான் கத்தவில்லை. தொட்டிச் சுவரின் விரிசலில் ஒரு சிறு செடி முளைத்திருந்தது. "தம்பி, இதுக்கு என்னடா பேரு? எனக்கு மறந்துபோச்சு" என்றேன். பிறகு குனிந்தான். இலையைத் திருப்பிப் பார்த்தான். பெயரைச் சொன்னான். எட்டு மாதத்தில் அவன் சொன்ன முதல் வார்த்தை. அப்புறம் இறங்கிவந்தான்.

அந்தக் காலையை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அந்தத் தொட்டியின் விளிம்பில் நின்றுகொண்டு செய்தது.

அவனை முழுதாக மீட்டது புத்தகம்தான். காட்டுக்கீரைகளை அடையாளம் காண ஒரு கையேடு. மூன்று வருடம் எழுதினான். போன வருடம் அச்சாகி வந்தது. முதல் பக்கத்தில் 'அக்காவின் கண்களுக்கு' என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தான். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுக்கும்போது, எனக்குத் தாய்ப்பால் சுரப்பது போல இருக்கும். சிரிக்காதீர்கள். நீங்கள் சிரிக்கவில்லை, தெரியும்.

இப்போது இரண்டு செடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று சுணைக்கீரை. தண்டிலும் இலையடியிலும் மெல்லிய சுணை இருக்கும், தொட்டால் பூனை நாக்குப் போல லேசாக உரசும். நல்ல கீரை. மற்றது மொழுக்கன். அதே உயரம், அதே இலை, ஆனால் தண்டு வழவழவென்று இருக்கும். அது விஷம். வளர்ந்துவிட்டால் சின்னக் குழந்தைகூடத் தொட்டுப் பிரித்துவிடும். சிக்கல் இளஞ்செடியில்தான். பிஞ்சாக இருக்கும்போது சுணைக்கீரைக்கும் சுணை வராது. அப்போது ஒரே ஒரு வித்தியாசம்தான் கண்ணுக்குத் தெரியும். இலை விளிம்பில் உள்ள பற்கள் ஒன்றில் முன்பக்கம் சாய்ந்திருக்கும், மற்றதில் நேராக நிற்கும். எது சாய்வது, எது நிற்பது என்பதை நினைவிலிருந்து சொல்லக் கூடாது, தாளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் அறையின் விதி. ஏனென்றால் எல்லோரும் அதை மாற்றித்தான் நினைவு வைத்திருப்பார்கள்.

பூவில்லாத பிஞ்சுச் செடியை யாரும் தாளில் வைப்பதில்லை, இடத்துக்குக் கேடு. எங்கள் அலமாரியில் இந்த இரண்டுக்கும் இளஞ்செடித் தாள் ஒவ்வொன்றுதான் இருந்தது.

அன்று தம்பி மாணவர்களோடு வெளியூர் போயிருந்தான். நடுப்பகலில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு உதவியாளர் வந்தார். ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பிடி இலையும் தண்டும், டாக்டரின் கடிதமும் கொண்டுவந்தார். 'நோயாளி இந்தக் கீரையைச் சாப்பிட்டிருக்கிறார். என்ன செடி? அவசரம்.' வேரில்லை, பூவில்லை, பிஞ்சு. அலமாரியைத் திறந்து இரண்டு தாள்களையும் மேசையில் விரித்து, லென்சை வைத்துப் பார்த்தேன். பற்கள் நேராக நின்றன. மொழுக்கன்.

"யாரு சாப்பிட்டது?" என்று கேட்டேன்.

"தையற்காரர்ங்க. அவங்க வீட்டம்மா அழுதுட்டே இருக்கு. புத்தகத்தைப் பார்த்துத்தான் பறிச்சேன், பதினேழாம் பக்கம்னு திரும்பத் திரும்பச் சொல்லுது."

என் மேசையிலேயே ஒரு பிரதி இருந்தது. பதினேழாம் பக்கத்தைத் திறந்தேன். 'சுணைக்கீரை, இளஞ்செடி' என்று போட்டு, மேலே மொழுக்கனின் படம் இருந்தது. பற்கள் சிப்பாய்களைப் போல நேராக நின்றன.

அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புத்தகம் ஒருவரைக் கொன்றுவிட்டது என்று தெரிந்தால் தம்பி அந்த வாரமே தொட்டி விளிம்புக்குப் போய்விடுவான். இந்த முறை அங்கே நான் கேட்க ஒரு செடி முளைத்திருக்காது. கடவுளே, ஒரு வழி காட்டு என்று வாய்விட்டுக் கேட்டேன். அந்த நேரம் பார்த்து, தேநீருக்காக மூலை அடுப்பில் வைத்திருந்த கெண்டியில் தண்ணீர் கொதித்து ஆவி வந்தது. அதை நான் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

உதவியாளருக்கு முதலில் தேநீர் கொடுத்தேன். காத்திருப்பவருக்குத் தேநீர் கொடுக்காமல் நான் இருந்ததில்லை. "இன்னும் கொஞ்சம் நேரம் ஆகுங்க, சரியாப் பார்க்கணும்" என்றேன். "பாருங்கம்மா, பாருங்க" என்றார். வெளி வராந்தாவில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தார். உள்ளே நான் இரண்டு தாள்களின் பெயர்ச்சீட்டுகளையும் ஆவியில் காட்டி உரித்தேன். நல்ல பழைய பசை, அழகாக விட்டுக்கொடுத்தது. இதன் சீட்டை அதிலும் அதன் சீட்டை இதிலும் ஒட்டினேன். இருபது நிமிடம் ஆனது.

பிறகு தாளைப் பார்த்துக் கடிதம் எழுதினேன். பொய் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள். நான் பொய் எழுதவில்லை. பற்கள் நேராக நின்ற தாளில் எந்தப் பெயர் இருந்ததோ அதைத்தான் எழுதினேன். சுணைக்கீரை. உணவுக்கு உகந்தது.

ஒரு மணி நேரத்தில் டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். "நிச்சயமாத் தெரியுமா? அறிகுறியெல்லாம் வேற மாதிரி இருக்கே."

"தாளைப் பார்த்துத்தான் எழுதியிருக்கேன் டாக்டர்."

"மொழுக்கனா இருந்தா வைத்தியமே வேற. இன்னும் நேரம் இருக்கு. நாளைக்குன்னா இருக்காது. அதனாலதான் கேக்கறேன்."

"சுணைக்கீரைதாங்க."

"அப்ப சரி. நான் வேற காரணத்தைத் தேடறேன்" என்று வைத்துவிட்டார். நல்ல மனிதர். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்பதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

தையற்காரர் மூன்று நாள் இருந்தார். நான் தினமும் போனேன். பழம் வாங்கிப்போனேன், அவர் மனைவிக்குத் தலைவாரிவிட்டேன், வெந்நீர் பிடித்துக் கொடுத்தேன். அங்கே வந்தவர்களில் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்காதவள் நான் ஒருத்திதான். அந்த அம்மாள் என்னைத் தன் சொந்த அக்காபோல் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவர் தொட்டுப் பார்த்துட்டு, என்ன இது வழவழன்னு இருக்கேன்னாரு. துணியைத் தொட்டே ரகம் சொல்ற கையில்லையா. நான்தான் புத்தகத்தைக் காட்டி, 'ஊசி பிடிக்கிறவருக்குக் கீரை வாத்தியாரைவிடத் தெரியுமோ'ன்னு கேலி பண்ணேன். என் கையாலயே நான்..."

அவள் வாயைப் பொத்தினேன். "உங்க கையில ஒரு குத்தமும் இல்லம்மா. அந்தக் கீரையை நானே தாளோட வச்சுப் பார்த்தேன். நல்ல கீரை. இது வேற ஏதோ வியாதி."

என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கணம் நான் செய்தது சரிதான் என்று தெரிந்தது. ஒருத்தியை வாழ்நாள் பாரத்திலிருந்து விடுவித்திருக்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு உயிர் போயிருக்கும், அவளுடையதும் தம்பியுடையதும். தையற்காரர் எப்படியும் பிழைப்பார் என்றுதான் நினைத்தேன். சிலர் பிழைப்பதுண்டு. அவருக்காக நான் செய்த பிரார்த்தனைகளைக் கடவுள் கணக்கில் வைத்திருப்பார்.

நாலாம் நாள் தம்பி வந்தான். அடக்கம் முடிந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான்.

"தாளைப் பார்த்தியா அக்கா?"

"பார்த்தேன்டா."

"நீ பார்த்திருந்தா சரி" என்றான். உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். அன்று அவன் தூங்கினான். கேட்டீர்களா, தூங்கினான். இதற்காகத்தான் செய்தேன், இது கிடைத்தது.

ஐந்து வாரம் போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தையற்காரரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கூடை, ஈரத்துணி மூடியிருந்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் என்ன செய்யறதுன்னு தெரியல. அதே இடத்துல இன்னிக்கும் தளதளன்னு முளைச்சிருக்கு. பறிச்சிட்டு வந்தேன்" என்றாள். "என்னால நாக்குல வைக்க முடியாது வாத்தியாரே. ஆனா நீங்க ஒரு வாய் சாப்பிட்டா எனக்குப் போதும். என் கைமேல சந்தேகம் போகவே மாட்டேங்குது. அவர் தொட்டுப் பார்த்து வழவழன்னு இருக்குன்னாரே, அதே நினைப்பாவே இருக்கு."

தம்பி துணியை விலக்கினான். ஒரு தண்டை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினான். இலையை வெளிச்சத்தில் பிடித்தான். "பிஞ்சுல சுணை வராதும்மா, அதனால வழவழன்னுதான் இருக்கும்" என்றான். ஆனால் தண்டைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, அறைச் சாவி குடு. ஒரு நிமிஷம் தாளைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றான்.

சாவி என் இடுப்பில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

கல்லூரி எங்கள் தெருமுனையில்தான். போய்வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். அழுகிய இலை ஒன்றுகூட இல்லாமல், காம்பைக் காம்போடு சேர்த்து, அவ்வளவு பொறுமையாக. எனக்குக் காதில் ஓடைச் சத்தம் கேட்டது. கூடையைக் குப்பையில் கொட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். கொட்டினால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று கேட்டால் நான் சொல்ல வேண்டும். சொன்னால் என்னைப் பார்ப்பான். அவன் என்னை எப்படிப் பார்ப்பான் என்று நினைத்துப் பார்த்தேன். அதைவிடத் தொட்டி விளிம்பே மேல் என்று தோன்றியது.

அவன் சிரித்துக்கொண்டே வந்தான். "தாளு சரியாத்தான் இருக்கு. பல்லு நேரா நிக்குது, சுணைக்கீரைதான். நான்தான் எது சாயும் எது நிக்கும்னு எப்பவும் போல மாத்தி நினைச்சிட்டிருந்தேன்" என்றான். பிறகு அந்த அம்மாளிடம், "வேரில்லாம நான் பேர் சொல்றதில்லை. உங்களுக்காக இந்த ஒரு தடவை" என்றான்.

அவள் சமைக்க எழுந்தாள். விருந்தாளியை அடுப்படியில் விடுவது மரியாதையில்லை. நான் சமைத்தேன்.

என் நாக்கில் புண் என்று சொல்லிவிட்டேன். அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு வாய் எடுத்தான். மென்றான். "உப்பு ஒரு கல்லு கூட. அது அக்காவோட குத்தம், உங்க குத்தம் இல்ல" என்றான். ஐந்து வாரத்துக்குப் பிறகு அந்த அம்மாள் சிரித்தாள். பல் தெரியச் சிரித்துவிட்டு, உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் இன்னொரு முறை சிரிக்க வேண்டும் என்பதற்காகவே அவன் மேலும் நாலு வாய் எடுத்துக்கொண்டான். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினேன்.

நல்ல பிள்ளை. ஒருவருடைய மனசு ஆற வேண்டுமென்று தன் சட்டத்தையே விட்டுக்கொடுத்தான். நான் வளர்த்த பிள்ளை.

அவள் போன பிறகு, மதியம் உதடு மரக்கிறது என்றான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அதே டாக்டர். "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த அம்மாளை நினைத்தேன். கீரை என்று சொன்னால், ஒரே நாளில் இரண்டு சாவுக்கும் தன் கைதான் காரணம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "வழக்கமான சாப்பாடுதான் டாக்டர்" என்றேன்.

மாலையில் தம்பிக்கு நாக்கு தடித்துவிட்டது. என்னைக் கிட்டே வரச் சொன்னான். "அக்கா... மொழுக்கன்தான். உதடு சொல்லுது. தாளு மாறியிருக்கு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "யார் மாத்தினா என்ன. பக்கத்துல சீட்டு ஒட்டிடு. இன்னிக்கே ஒட்டிடு. வேற யாராவது சாப்பிட்டுடப்போறாங்க."

அவன் அழவில்லை. பயப்படவும் இல்லை. என் கையைப் பிடித்து, விரல்நுனியில் பசை காய்ந்து காய்த்துப்போன இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். அவனுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எட்டு மாதம் நான் ஊட்டிய அந்தப் பயந்த ஆள் அந்தக் கட்டிலில் இல்லை. காய்ச்சலில் வரும் தெம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் வந்து, "என்னமோ சொல்றாரே, என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டார்.

"பிரார்த்தனை சொல்றான்" என்றேன்.

மறுநாள் காலை போய்விட்டான். அந்த அம்மாள் ஓடிவந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நீங்களும் அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சீட்டை நான் எழுதிவிட்டேன். என் பையில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம். சரியான பெயர் எழுதியிருக்கிறேன். தேதிதான் போடவில்லை. ஒட்டினால் யார் ஒட்டியது, எப்போது தெரிந்தது என்ற கேள்வி வரும். நாளை ஒட்டலாம் என்று இரண்டு மாதம் போயிற்று. பதினேழாம் பக்கத்தைப் பார்த்து இன்னும் இரண்டு குடும்பங்கள் பறித்திருக்கின்றன என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிழைத்துவிட்டார்கள் என்றீர்கள். கடவுள் பெரியவர்.

நான் மாட்டிக்கொண்டது பூச்சியால். அலமாரியில் தாள் தின்னும் சின்ன வண்டு ஒன்று உண்டு. என்றோ ஒரு காலத்தில் அது சீட்டையும் தாளையும் சேர்த்து ஒரே ஓட்டையாகத் துளைத்திருக்கிறது. நான் சீட்டை மாற்றிய பிறகு, தாளில் ஓட்டை இருக்கும் இடத்தில் சீட்டில் இல்லை, சீட்டில் ஓட்டை இருக்கும் இடத்தில் தாளில் இல்லை. அறைக்குப் புதிதாக வந்த பெண் அதைக் கவனித்திருக்கிறாள். கெட்டிக்காரி. ஈரம் உலர்ந்த பிறகே செடி பறிப்பவள் அவள் ஒருத்திதான். இருபத்தாறு வருடம் அந்த வண்டை மருந்து போட்டு விரட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டை மட்டும் என் கண்ணில் படவில்லை.

நீங்கள் எழுதியதை எனக்குப் படித்துக்காட்டினீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. சீட்டுகளை மாற்றியது நான். தையற்காரருக்கு வைத்தியம் கிடைக்காமல் செய்தது நான். தெரிந்தே தம்பிக்குச் சமைத்துப் போட்டது நான். கேட்டபோதும் டாக்டரிடம் சொல்லாதது நான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். 'கையேட்டில் தம்பி செய்த தவறை மறைப்பதற்காக' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நல்ல மனதுக்காக உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அச்சகத்துக்குப் போவதற்கு முந்தைய நாள் அவன் இரண்டு புகைப்படங்களை என் மேசையில் வைத்தான். "அக்கா, எனக்கு எது எதுன்னு குழப்பமா இருக்கு. தாளைப் பார்த்து எது சுணைக்கீரைன்னு சொல்லேன், நீ சொன்னா கண்ணை மூடிட்டு அனுப்பிடுவேன்" என்றான். அன்று எனக்கு முதுகுவலி. அந்த அலமாரியின் கீழ்த்தட்டுக்குக் குனிய வேண்டும். இருபத்தாறு வருடம் பார்த்த கண், குனியாமலே சொல்லாதா என்று நினைத்தேன். "இடது பக்கத்துப் படம்டா" என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டான்.

ஆனால் அந்த வரியை நீங்கள் திருத்த வேண்டாம். 'தம்பி செய்த தவறு' என்றே இருக்கட்டும். பக்கத்தில் சீட்டு எதுவும் ஒட்ட வேண்டாம். முதல் பக்கத்தில் 'அக்காவின் கண்களுக்கு' என்று அவன் ஆசையாகப் போட்டிருக்கிறான், அது பொய்யாகிவிடக் கூடாது. எனக்காகக் கேட்கவில்லை. உங்களுக்கு அவனைத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். அவன் தாங்க மாட்டான்.